தாத்தாவின் பட்டாளப் படம்: சின்னத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் பல வீடுகளில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு படமும் தொங்கும். காக்கி உடுப்பு, விறைப்பான நிற்பு, தொப்பியில் ஏதோ ஒரு பித்தளைச் சின்னம். "தாத்தா பட்டாளத்துல இருந்தவர்" என்பதைத் தவிர வீட்டில் வேறு தகவல் இருக்காது. அப்படிப் படம் வைத்திருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. அதிகமாக வருவது இரண்டாம் உலகப் போர்க்காலப் படம் என்பதால் பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

தொப்பிச் சின்னம் மட்டும் தெரிந்தால் போதாதா?

பெரும்பாலும் போதாது. சின்னத்தைக் கடைசியில் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். படத்தில் அது கடுகளவு இருக்கும். அந்தக் கடுகை உற்றுப் பார்த்து "யானை மாதிரி இருக்கு" என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டால், அப்புறம் கண்ணுக்குப் படுவதெல்லாம் யானையாகத்தான் இருக்கும். முதலில் படம் எடுத்த காலம், அடுத்து உடுப்பு, அதற்கடுத்து தொப்பியின் வடிவம், பிறகு கைப்பட்டி. இவற்றைப் பார்த்து முடித்தால் எழுபது எண்பது சாத்தியங்கள் ஐந்தாறாகக் குறைந்துவிடும். அந்த ஐந்தாறில் எது என்று சொல்லத்தான் சின்னம்.

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றலாமா?

கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் கழற்ற வேண்டாம். நம் மலை ஈரத்துக்குப் படத்தின் மேற்பூச்சு இளகிக் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் செய்யுங்கள். ஒட்டாமல் இருந்தால் மெதுவாக எடுத்துப் பின்புறத்தைக் கட்டாயம் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் எழுத்து, தணிக்கை முத்திரை, அச்சுத்தாளின் பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். முன்பக்கத்தில் அரை மணி நேரம் தேடியும் கிடைக்காதது பின்பக்கத்தில் ஒரே வரியில் கிடைப்பதுண்டு.

லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், அடுப்புப் புகை படிந்த படத்தை ஈரத்துணியாலோ எண்ணெய் தொட்டோ துடைக்க வேண்டாம். மெல்லிய தூரிகையால் தூசு தட்டினால் போதும்.

ஸ்கேன் செய்யும்போது 1200 டிபிஐ வையுங்கள். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வர்ணப் படமாகவே ஸ்கேன் செய்தால் கறைக்கும் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியும். ஸ்கேனர் இல்லாதவர்கள் படத்தை மேசையில் வைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழும்படி கைத்தொலைபேசியில் எடுக்கலாம். இருண்ட இடங்களில் வெள்ளி மினுக்கம் ஏறிய பழைய படங்களுக்கு வெளிச்சத்தின் கோணத்தை மாற்றி மாற்றி நாலைந்து தடவை எடுக்க வேண்டியிருக்கும்.

படத்தைத் தெளிவாக்கும் ஏஐ செயலியில் போட்டுப் பார்க்கலாமா?

முகத்தைப் பார்த்து ஆசைப்பட வேண்டுமானால் போடுங்கள். சின்னத்தைக் கண்டுபிடிக்கப் போடாதீர்கள். அந்தச் செயலி மங்கிக் கிடப்பதைத் தெளிவாக்குவதில்லை, அந்த இடத்தில் தனக்குத் தெரிந்த ஏதோ ஒன்றை வரைந்து வைக்கிறது. புள்ளியாக இருந்த இடத்தில் அழகான கழுகு வரும். அந்தக் கழுகு எந்தப் படையிலும் இருந்திருக்காது. யாரிடமாவது கருத்துக் கேட்டு அனுப்புவதென்றால் கைவைக்காத ஸ்கேனையே அனுப்புங்கள்.

படம் எந்தக் காலத்தது என்று எப்படித் தெரியும்?

காலில் ஆரம்பியுங்கள். சப்பாத்துக்கு மேலே முழங்கால் வரை துணிப்பட்டி சுற்றியிருந்தால் முதலாம் உலகப் போர்க் காலமாகவோ, அதற்கும் இரண்டாம் போரின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டதாகவோ இருக்கலாம். கணுக்காலோடு நிற்கும் கான்வாஸ் உறையோ குட்டையான பட்டியோ இரண்டாம் போரைக் காட்டும். நெஞ்சைப் பாருங்கள். வாருக்கு இரு பக்கமும் சின்னச் சின்னத் தோட்டாப் பைகள் பல இருந்தால் அது 1908 ஆம் ஆண்டு மாதிரி வார்க்கட்டு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே பெரிய பைகள் இருந்தால் 1937 மாதிரி.

அடுத்தது கிரீடம். பிரித்தானியச் சின்னங்களில் பெரும்பாலானவற்றின் உச்சியில் ஒரு கிரீடம் இருக்கும். அதன் வளைவுகள் குவிமாடம் போல உருண்டு மேலெழுந்தால் அது மன்னர் காலத்துக் கிரீடம், 1902 முதல் 1950களின் தொடக்கம் வரை. வளைவுகள் நடுவில் பள்ளமாகத் தாழ்ந்தால் எலிசபெத் அரசி காலத்தது, 1953 ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ. அப்படியானால் அது உலகப் போர்ப் படமே அல்ல. 1949 அக்டோபரில் அமைந்த இலங்கை இராணுவத்துப் படமாக இருக்கலாம். 1972 இல் நாடு குடியரசானதும் கிரீடம் போய்விட்டது. வீட்டில் "ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்துப் படம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள், கிரீடமோ நடுவில் தாழ்ந்திருக்கும். அப்போது கிரீடத்தை நம்புங்கள்.

மலையகத்தில் இருந்தவர் எந்தப் படையில் சேர்ந்திருக்க முடியும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். தவறான முடிவுகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன.

முதலில், சிலோன் பிளான்டர்ஸ் ரைஃபிள் கோர். கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு 1900 இல் உருவான இந்தப் படையின் பெயரைப் பார்த்ததும் "தோட்டத்துப் படைதானே, தாத்தா இதில்தான் இருந்திருப்பார்" என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது துரைமார் படை. வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகளுக்கானது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போவர் போருக்குப் போனது, முதலாம் போரில் எகிப்துக்கும் துருக்கியின் கல்லிப்போலிக்கும் போனது. பிரட்டுக்களத்தில், அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் பதிந்து மலையேறியவர்களுக்கு அதில் இடமில்லை. துரையின் குதிரைக்காரராகவோ பங்களா ஆளாகவோ பக்கத்தில் நின்று படத்தில் விழுந்திருக்கலாம், அது வேறு கதை.

இலங்கையர் சேர்ந்த படைகளில் பெயர் பெற்றவை சிலோன் லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படை, சிலோன் கேரிசன் ஆர்ட்டிலரி என்ற பீரங்கிப் படை ஆகியவை. போர்க்காலத்தில் பொறியியல், மருத்துவம், போக்குவரத்து என்று பிரிவுகள் பெருகின. இலங்கையர் சிலர் பிரித்தானியப் படையின் துணைப் பிரிவுகளில் சேர்ந்து மத்திய கிழக்குவரை போனார்கள். பீரங்கிப் படையில் ஒரு பகுதியினர் இந்தியப் பெருங்கடலில் உள்ள கொக்கோஸ் தீவுக் கூட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள். 1942 மே மாதத்தில் அங்கே அவர்களில் சிலர் கலகம் செய்தார்கள், அதற்காக மூவர் கொழும்பில் தூக்கிலிடப்பட்டார்கள்.

மூன்றாவது வழியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: இந்திய இராணுவம். 1939 ஆகஸ்ட் முதலாம் தேதி இந்திய அரசு கூலி வேலைக்கு இலங்கை போவதைத் தடை செய்தது. அதற்கு முன் திருச்சி, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த குடும்பங்களில் அண்ணன் தோட்டத்தில், தம்பி ஊரில் என்று இருந்தார்கள். ஊரில் இருந்த தம்பி பட்டாளத்தில் சேர்ந்து, உடுப்போடு படம் எடுத்து அண்ணனுக்குத் தபாலில் அனுப்புவார். இரண்டு தலைமுறை போனதும் அந்தச் சின்னத் தாத்தா "எங்கள் தாத்தா" ஆகிவிடுவார்.

பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பார்க்க வந்த படம் ஒன்று அப்படித்தான். இலங்கைப் பட்டாளம் என்று வீட்டில் உறுதியாகச் சொன்னார்கள். படத்தில் இருந்தவர் தலையில் விளிம்பே இல்லாத, நிமிர்ந்த, கருநிற உருளைத் தொப்பி. வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. அது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியியல் படையின் தொப்பி. 'தூப்டா' என்று அதற்குப் பெயர். அந்தப் படைவீரர்களை மற்றப் படையினர் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். படத்தின் பின்பக்கம் பாதி அழிந்த ஸ்டூடியோ முத்திரையில் பெங்களூரின் முதல் எழுத்துகள் மட்டும் மிச்சமிருந்தன. சின்னம் என்னவோ கடைசிவரை தெளியவில்லை. தெளியவேண்டிய அவசியமும் இல்லாமல் போனது.

நான்காவது வழி மலாயா. அங்கே ரப்பர் தோட்டங்களில் இருந்த உறவினர்கள் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்திருக்கலாம். உடுப்பு பெரும்பாலும் பிரித்தானிய இந்திய உடுப்பையே ஒத்திருக்கும், சின்னத்தில் மட்டும் கிரீடம் இருக்காது.

தொப்பியில் ஒரு சின்னம், கையில் வேறொரு சின்னம். எதை எடுத்துக்கொள்வது?

இரண்டையும். தொப்பி, கழுத்துப்பட்டை, தோள்பட்டை ஆகிய இடங்களில் இருப்பது அவர் சேர்ந்த படைப்பிரிவின் சின்னம், அநேகமாக மாறாது. மேல்கையில் தைத்த துணிச்சின்னம் அந்த நேரத்தில் அவருடைய பிரிவு எந்தப் பெரிய அணியின் கீழ் இருந்தது என்று காட்டும். அணி மாறினால் துணியும் மாறும். முதலாவது ஆளின் வேலையைச் சொல்கிறது, இரண்டாவது அவர் போன இடத்தைச் சொல்கிறது.

மலையகத்துப் படங்களில் வர வாய்ப்புள்ள துணிச்சின்னங்கள் சில. தீயிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவை என்றால் தென்கிழக்கு ஆசியக் கட்டளையகம். மவுண்ட்பேட்டன் 1944 இல் அதைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அங்கே எழுத்து வேலை, வண்டி ஓட்டம், சமையல் என்று பலருக்கும் வேலை கிடைத்தது. காண்டாமிருகத் தலை என்றால் 11 ஆவது கிழக்கு ஆப்பிரிக்க டிவிஷன். 1943 இல் இலங்கைக்கு வந்து பயிற்சி எடுத்து மறு ஆண்டு பர்மாவுக்குப் போனவர்கள். வாளைப் பிடித்த வெள்ளைக் கை என்றால் 20 ஆவது இந்திய டிவிஷன். அதுவும் 1942 இல் இங்கே வந்து தங்கியது. கேடயத்தின் நடுவே முனை கீழ்நோக்கிய வாள் என்றால் பர்மாவில் போரிட்ட 14 ஆவது ஆர்மி.

கையில் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் கறுப்புச் சதுரம்தான். ஏன்?

கறுப்புப் பின்னணியில் சிவப்புச் சின்னமாக இருக்கலாம். பழைய ஃபிலிம் வகைகளில் சிவப்பு, கறுப்பாகவே விழும். நீலம் வெளுத்துப் போகும். 4 ஆவது இந்திய டிவிஷனின் சிவப்புக் கழுகும், 5 ஆவது டிவிஷனின் சிவப்பு வட்டமும் கறுப்பு மேல் சிவப்புதான். படத்தில் இரண்டும் ஒரே கறுப்புத் துணியாகத் தெரியும். ஸ்கேனில் மாறுபாட்டைக் கூட்டினால் சிலசமயம் ஓரக்கோடு எட்டிப் பார்க்கும். நிறத்தை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். பின்னாளில் ஸ்டூடியோவில் கையால் வர்ணம் தீட்டிய படமானால் அந்த வர்ணத்தை அறவே நம்பாதீர்கள். தீட்டியவரிடம் என்ன மை மிச்சமிருந்ததோ அதுதான் நிறம்.

யானை, புலி, ஊதுகொம்பு, நட்சத்திரம்: இவற்றில் எது எந்தப் படை?

யானை மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் உண்டு. ஹைலண்ட் லைட் இன்ஃபன்ட்ரி, டியூக் ஆஃப் வெலிங்டன் ரெஜிமென்ட் போன்ற பிரித்தானியப் படைகளிலும் உண்டு. இலங்கையில் எடுத்த படமென்பதால் யானை என்றாலே இலங்கைப் படை ஆகிவிடாது. புலி பிரித்தானிய லெஸ்டர்ஷையர் படையிலும் வரும். ஊதுகொம்பு இலகு காலாட்படைகளுக்கும் ரைஃபிள் படைகளுக்கும் பொது. குறுக்காக வைத்த இரண்டு குக்ரிக் கத்திகள் கூர்க்காக்களுடையவை.

துணைப் பிரிவுகளின் சின்னங்களைக் கண்டுபிடிப்பது இதைவிடச் சுலபம். சக்கரத்தோடு கூடிய பீரங்கி, மேலே கிரீடம், கீழே எழுத்துப் பட்டி என்றால் ராயல் ஆர்ட்டிலரி. எட்டு முனை நட்சத்திரம் ராயல் ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது போக்குவரத்தும் வழங்கலும். தடியைச் சுற்றிய பாம்பு மருத்துவப் பிரிவு. துப்பாக்கி, மண்வாரி, பிக்காசு மூன்றும் ஒன்றாகச் சாய்த்து வைத்திருந்தால் பயனியர் கோர், அதாவது உடலுழைப்பு வேலைக்கான பிரிவு. 1940 நவம்பரில்தான் அதற்கு அந்தப் பெயர் வந்தது. ரீமி எனப்படும் இயந்திரப் பொறியியல் பிரிவு 1942 அக்டோபரில் தொடங்கியது. நாலு சிறு கேடயங்களில் ஆளுக்கொரு எழுத்து இருந்தால் அதன் முதல் சின்னம். குதிரையும் மின்னலும் இருந்தால் 1947 க்குப் பிந்தையது.

உருவம் தெளியாவிட்டால் தோள்பட்டையில் பித்தளை எழுத்தைத் தேடுங்கள். வளைந்த தகட்டில் சி.எல்.ஐ. (சிலோன் லைட் இன்ஃபன்ட்ரி) என்றோ சி.ஜி.ஏ. (சிலோன் கேரிசன் ஆர்ட்டிலரி) என்றோ மூன்றெழுத்து தெரிந்தால் மேலே சொன்ன மிருகங்களையெல்லாம் ஒதுக்கி வைத்துவிடலாம். எழுத்து முழுதாகப் படிக்க முடியாவிட்டாலும் எத்தனை எழுத்து என்று எண்ணுங்கள்.

தோளில் இரண்டு நட்சத்திரம் இருக்கிறது. தாத்தா பெரிய ஆபீசரா?

பிரித்தானிய முறையில் இரண்டு நட்சத்திரம் லெப்டினன்ட். இந்திய இராணுவத்தில் அதே இரண்டு நட்சத்திரம் சுபேதாருக்கும், ஒரு நட்சத்திரம் ஜமேதாருக்கும் உண்டு. இவர்கள் சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர்கள். இருபத்திரண்டு வயதுப் பையன் முகத்தோடு இரண்டு நட்சத்திரம் என்றால் லெப்டினன்ட்டாக இருக்கலாம். நாற்பது வயது, முறுக்கு மீசை, தலைப்பாகை என்றால் சுபேதார் பக்கம் சாயலாம்.

கையில் வி வடிவப் பட்டிகள் இரு முறைக்கும் ஒன்றுதான்: ஒன்று லான்ஸ் கோப்ரல் அல்லது லான்ஸ் நாயக், இரண்டு கோப்ரல் அல்லது நாயக், மூன்று சார்ஜன்ட் அல்லது ஹவில்தார். வீட்டில் "ஹவில்தார் தாத்தா" என்று ஒரு பெயர் புழங்கினால் அதைக் குறித்து வையுங்கள். இலங்கைப் படைகளில் அந்தச் சொல் கிடையாது, அதனால் தேடலை இந்தியப் பக்கம் திருப்பலாம்.

படம் தலைகீழ்ப் பக்கமாக அச்சாகியிருக்குமா?

இருக்கலாம். ஆண்கள் சட்டையில் இடப்பக்கம் மேலே வந்து வலப்பக்கத்தை மூடும். படத்தில் நேர்மாறாக இருந்தால் கணினியில் படத்தைத் திருப்பிவிட்டுப் பாருங்கள். மெடல் நாடாக்கள் இடது நெஞ்சில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு சோதனை.

நெஞ்சில் நாடா மட்டும் இருக்கிறது, மெடல் இல்லை. அதிலிருந்து ஏதாவது தெரியுமா?

நிறையத் தெரியும். வெளிறிய நாடாவின் நடுவே அகலமான இருண்ட கோடு இருந்தால் ஆப்பிரிக்கா ஸ்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். 1943 க்கு முன் அது கிடையாது. பர்மா ஸ்டாரின் நாடா கருநீலம். நடுவில் சிவப்பு, இரு பக்கமும் மெல்லிய செம்மஞ்சள் கோடுகள். அது 1945 மே மாதத்தில்தான் நிறுவப்பட்டது. ஆகவே அந்த நாடா தெரியும் படம் போர் முடியும் தறுவாயிலோ முடிந்த பின்னரோ எடுத்தது.

மெடலே கையில் இருந்தால் விளிம்பைப் பாருங்கள். முதலாம் போரின் பிரித்தானிய மெடல்களில் இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். இரண்டாம் போரில் பிரித்தானியா கொடுத்த மெடல்களில் வழக்கமாகப் பெயர் இருக்காது, அதனால் பெயரில்லை என்று போலியாக எண்ணிவிட வேண்டாம். புளி போட்டு விளக்காதீர்கள். பழுப்பு போவதோடு எழுத்தும் தேயும்.

உடுப்பு போட்டவரெல்லாம் பட்டாளத்துக்காரரா?

இல்லை. பொலிஸ், ரயில்வே, தபால் பியோன், விமானத் தாக்குதல் தடுப்புத் தொண்டர், சாரணர், பள்ளிக்கூடக் கேடட், பங்களா வாயில்காவலர் எல்லோருக்கும் காக்கியும் பித்தளையும் இருந்தன. ஸ்டூடியோக்களில் இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு படம் எடுப்பதும் நடந்ததுதான். சட்டை தோளில் தொங்குகிறதா, தொப்பி காது வரை இறங்குகிறதா என்று பாருங்கள். இதைக் கேட்டால் வீட்டுப் பெரியவர்களுக்குக் கோபம் வரும். கேட்காமல் இருக்கவும் முடியாது.

சின்னம் தெரிந்துவிட்டது. பெயர்ப் பதிவை எங்கே தேடுவது?

போரில் இறந்தவரானால் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் இணையப் பட்டியலில் பெயர் போட்டுத் தேடலாம், கட்டணம் இல்லை. கண்டியில் பிட்டகந்தவில் உள்ள போர் மயானத்தை அந்த ஆணைக்குழுதான் பராமரிக்கிறது. பிரித்தானியர், இந்தியர், கிழக்கு ஆப்பிரிக்கர், இலங்கையர் எல்லோரும் அங்கே அடங்கியிருக்கிறார்கள்.

உயிரோடு திரும்பியவரானால் வேலை கூடுதல். இந்திய இராணுவத்தவரின் பதிவுகளை அந்தந்தப் படைப்பிரிவின் பதிவு அலுவலகத்தில் கேட்க வேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். இலங்கைப் படைகளுக்குக் கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்தில் தொடங்கலாம். எங்கே எழுதினாலும் படை இலக்கம் இல்லாமல் நகர்வது கஷ்டம். ட்ரங்குப் பெட்டியில் பழுப்பு அட்டை போட்ட சம்பளப் புத்தகமோ விடுவிப்புச் சான்றிதழோ இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கூடவே தகப்பன் பெயர், பூர்வீகக் கிராமம், தாலுகா ஆகியவற்றையும் எழுதுங்கள். ஒரே ராமசாமியை எழுத்தர்கள் ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள், நாலையும் கொடுங்கள்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பத்தில் ஒரு பகுதி இந்தியாவுக்குப் போயிருந்தால், நீலகிரிப் பக்கமிருக்கும் சொந்தக்காரர்களிடமும் கேளுங்கள். இங்கே படம், அங்கே சம்பளப் புத்தகம் என்று பிரிந்து கிடப்பது சாதாரணம்.

யாரிடமாவது காட்டிக் கேட்பதென்றால் என்னென்ன அனுப்ப வேண்டும்?

முழுப் படம், தொப்பி, தோள், கை, நெஞ்சு என்று தனித்தனிப் பெரிதாக்கல்கள், பின்புறம். குடும்பத்தில் சொல்லப்படும் கதையைத் தனித் தாளில் எழுதுங்கள். யார் சொன்னது என்பதையும் சேருங்கள். மூலப் படத்தைத் தபாலில் அனுப்ப வேண்டாம். சின்னத்தையோ மெடலையோ "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று கேட்பவரிடம் கொடுக்கவும் வேண்டாம். அவற்றுக்குச் சந்தை இருக்கிறது.